எட்டுக் கட்டம்

முப்பத்திரண்டு வீட்டுக் காலனியின் தென்னை மரங்களெல்லாம் ஒரே காலையில் ஊசியிலை மரங்களாக நின்றபோது யாரும் கூச்சல் போடவில்லை, யாருக்கும் அருள் வரவில்லை, மட்டை விழுந்து ஓடு உடைகிற தொல்லை ஒழிந்தது என்று நாலு பேர் சொன்னார்கள், சட்னிக்கு இனி தேங்காயைக் கடையில்தான் வாங்க வேண்டுமா என்று நாலு பேர் கேட்டார்கள், உதிர்ந்து கிடந்த கூம்புக் காய்களை வெந்நீர் அடுப்புக்கு ஆகும் என்று சாக்கில் அள்ளிக் கட்டினார்கள், பத்து மணிக்கெல்லாம் அவரவர் வேலைக்குப் போய்விட்டார்கள். பயந்தவள் நான் ஒருத்திதான். எனக்குப் பயப்படக் காரணம் வேண்டியதில்லை. கரண்டுக் கம்பத்தில் ஏறுகிறவருக்கு வாழ்க்கைப்பட்ட இந்த இருபத்தாறு வருஷத்தில் போன் அடித்தாலும் பயம், அடிக்காவிட்டாலும் பயம். ஆனால் அன்றைக்குக் காரணம் இருந்தது. அந்த மரங்களை நான் முந்தின சாயங்காலமே பார்த்திருந்தேன், என் மகள் வினோதினியின் கம்ப்யூட்டரில்.

வினோ ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே படிவம் தட்டிக் கொடுப்பவள். வேலை முடிந்தால் விளையாட்டு. முதுகில் வாளைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய், அங்கங்கே நிற்கிறவர்களிடம் பேசி, அவர்கள் கேட்ட காரியத்தை முடித்துக் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிய ஆளாகிக்கொண்டே போகிற விளையாட்டு அது. அதைச் செய்தவர்கள், இஷ்டமிருந்தால் உங்கள் ஊரையும் இதற்குள் கட்டிக்கொள்ளுங்கள் என்று ஒரு டூலைக் கொடுத்திருந்தார்கள். அதில் முப்பத்திரண்டு வீட்டுக்கு மேல் கட்ட முடியாது. நம் காலனியிலும் முப்பத்திரண்டுதானே என்று அவள் ஆசையாகக் கட்டத் தொடங்கினாள். கட்டக் கட்ட அழுதாள்.

"எம்மா, இதுல தென்ன மரமே கெடையாது. பைன் மரந்தான் இருக்கு."

"சரி, நாய் இருக்கா? நம்ம பூச்சிய வையி."

"நாய் இல்ல. ஓநாய்தான்."

"சேல?"

"கவுனு. கால் வரைக்கும்."

"பிள்ளைங்க?"

"சின்னப் பிள்ளைங்கள வைக்கவே முடியாதும்மா. ஒண்ணத் தப்பா வச்சிட்டா எடுக்கவும் முடியாது. சேவ் பண்ணினா பண்ணினதுதான்."

"பெறகு என்னத்துக்குட்டி இதக் கட்டிக்கிட்டு மாரடிக்க?"

"வேற எவன் குடுக்கான்? மூணு வருஷமா எல்லாரும் கெஞ்சிக் கேட்டு, இந்த மட்டும் குடுத்திருக்கான்."

தென்னைக்குப் பதில் பைனை நட்டு, அன்றைக்கு அவள் சேவ் செய்தாள். விடிந்தால் வாசலில் பைன். இரண்டு நாள் கழித்துப் பூச்சி ஓநாயாக வந்து எங்கள் வீட்டு வாசல் குறட்டில் படுத்துக்கொண்டது, வழக்கம்போல அரை பாக்கெட் பிஸ்கட்டுக்கு வாலை ஆட்டியது, எதிர்வீட்டு லூர்து அக்கா அதன் மேல் தண்ணீரை ஊற்றி விரட்டினாள், அதுவும் வழக்கம்போலத்தான்.

விஷயம் எப்படியோ வெளியே தெரிந்தது. தெரிந்ததும் எங்கள் வீட்டுக்கு வந்தவர் அருளப்பன் அண்ணாச்சி, லூர்து அக்காவின் வீட்டுக்காரர், காலனிச் சங்கத்துச் செயலாளர். பதினொரு வருஷமாக ரோட்டுக்கு மனு எழுதி எழுதிக் கை மடங்கிப்போனவர். அவர் என்ன ஏது என்று கேட்கவில்லை. ஏன் எப்படி என்று கேட்கவில்லை.

"தாயி, ஒரு ரோடு போட்டுக் குடு."

"தார் ரோடு இல்ல மாமா. கல்லு ரோடுதான் இருக்கு, குதிர போறது."

"எது போனா என்ன, மழைக்குச் சகதி இல்லாம இருந்தாச் சரி."

மறுநாள் காலை கல் பாவிய ரோடு கிடந்தது. அடுத்த வாரம் ஒரு கிணறு வந்தது, ராட்டினத்தோடு. காலனி முகப்பில் பெரிய கல் வளைவு வந்தது, அதைக் கேட்காமலே டூல் வைத்துவிட்டது. எங்கள் ஜனம் எல்லாவற்றையும் துடைத்து, மஞ்சள் குங்குமம் வைத்து, தன்னுடையதாக்கிக்கொண்டது. பயந்துகொண்டே இருந்தவள் நான் ஒருத்திதான். எடுக்க முடியாத ஒன்றைக் கொடுக்கிற கையைப் பார்த்தால் எனக்கு எப்போதும் பயம்.

பிறகு ஜெபக்கனி டீச்சர் ஒரு சொல் சொன்னார். மூன்று தெரு தள்ளிய பள்ளிக்கூடத்தில் தமிழ் எடுப்பவர், நல்ல மனுஷி, எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் தன் வீட்டைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"வீடு இருக்கு, ஆள் இல்ல. எழவு விழுந்த வீடு மாதிரி இருக்கு வினோ. எங்களையும் உள்ள வையி."

அவ்வளவுதான். எழவு என்ற சொல்லைக் கேட்டபின் யார் பொறுப்பார்கள்? காலனி முழுக்க வரிசையில் நின்றது. கவுன்தான் வரும் என்று வினோ சொல்லிப் பார்த்தாள். "நைட்டிதானட்டி அது, மேல ஒரு துண்டப் போட்டாத் தீந்துது" என்று லூர்து அக்கா தீர்த்து வைத்தாள். அறுபத்தொரு பேரை வினோ ஒவ்வொருவராக வைத்தாள், அறுபத்தொன்றில் நானும் என் வீட்டுக்காரரும் உண்டு. தன்னை மட்டும் வைக்கவில்லை. விளையாடுகிறவள் விளையாட்டுக்குள் நிற்க முடியாதாம்.

ஆளுக்கு இரண்டு பேச்சு எழுத வேண்டும், பார்த்ததும் சொல்கிற பேச்சு ஒன்று, பிரியும்போது சொல்கிற பேச்சு ஒன்று. ஒருவருடைய பேச்சை இரண்டு தடவைதான் எழுதலாம், மூன்றாவது தடவை டூல் விடாது. பார்த்ததும் சொல்வதற்கு நாற்பது கட்டம் இருந்தது. பிரியும்போது சொல்வதற்கு எட்டே கட்டம். அதில் டூல் செய்தவன் முன்கூட்டியே இங்கிலீஷில் குட்பை என்று போட்டு வைத்திருந்தான். குட்பைக்கு ஏழு எழுத்து, மேலே ஒன்று கொசுறு, அவனுக்கு அது போதும்.

"இதையே எல்லாருக்கும் விட்டுரட்டுமாம்மா? கை வலிக்கி."

அங்கேதான் நான் வாயைத் திறந்தேன்.

"குட்பையாம் குட்பை. குடியிருக்கிற வீட்ட விட்டு அப்படிச் சொல்லியா ஒருத்தர் கெளம்புவாங்க? போறேன்னு ஒத்தச் சொல் சொன்னாலே எங்கம்மா வாயில அடிப்பா. போயிட்டு வாரேன்னு எழுது."

"எட்டுக் கட்டந்தாம்மா."

நான் விரலை மடக்கினேன். போ, யி, ட், டு, நாலு. நடுவில் இடைவெளி ஒன்று, ஐந்து. வா, ரே, ன், எட்டு. எண்ணி வைத்த மாதிரி எட்டு. டூல் செய்தவன் நம் ஊர்க்காரனோ என்று கூட நினைத்தேன். கட்டத்துக்குள் அது முழுசாகத்தான் தெரிந்தது. வினோ அறுபத்தொரு பேருக்கும் அதையே எழுதி சேவ் செய்தாள்.

மறுநாள் திங்கட்கிழமை. ஜெபக்கனி டீச்சர் பையை மாட்டிக்கொண்டு, வாசலில் நின்ற வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்து, "போயிட்டு" என்றார். மீதியைச் சொல்ல வாய் வரவில்லை. அவரும் "போயிட்டு" என்றார். டீச்சர் அன்றைக்குத் திரும்பவில்லை. ரேஷன் கடைக்குப் போனவர் "போயிட்டு" என்று போனார், திரும்பவில்லை. மருந்து வாங்கப் போனவர், மில்லுக்குப் போனவர், மொய் எழுதப் போனவர், போயிட்டு, போயிட்டு, போயிட்டு. போனவரும் அதையே சொன்னார், அனுப்பினவரும் அதையே சொன்னார், பிரிகிற நேரத்தில் எழுதிய சொல்லைத் தவிர வேறெதுவும் யார் நாக்கிலும் ஏறவில்லை. இரண்டு நாளில் பதினொரு பேர்.

அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதுதான் பெரிய பயமாக இருந்தது. போன் எடுத்தார்கள், சாப்பிட்டாயா என்று கேட்டார்கள், மழை பெய்கிறதா என்று கேட்டார்கள். டீச்சர் பள்ளிக்கூடத்துக்கு அடுத்த தெருவிலேயே ஒரு வீடு பிடித்து இருந்தார்.

"எப்ப வாரீங்க டீச்சர்?" என்று நான் கேட்டேன்.

"எங்க வரணும்?" என்றார், அன்பாக, ஒன்றும் விளங்காமல்.

அவரைக் கூட்டி வருவதற்காக அவர் வீட்டுக்காரர் கிளம்பினார். வாசலில் நின்று "போயிட்டு" என்றார். அந்த வீடு பூட்டிக் கிடக்கிறது.

அதோடு பெரியவர்கள் யாரும் வளைவைத் தாண்டவில்லை. பிள்ளைகளை டூலில் வைக்க முடியாததால் அவர்கள் பாட்டுக்குப் பள்ளிக்கூடம் போய் வந்தார்கள். பால்காரர், கீரைக்காரி, மீன்காரர் எல்லாரும் வெளியூர்க்காரர்கள், வந்தார்கள், போனார்கள். பத்தே நாளில் வளைவுக்கு அடியில் ஒரு சந்தை கூடிவிட்டது. நிச்சயதார்த்தம் ஒன்றைப் போனிலேயே நடத்தி, தாம்பூலத்தை மட்டும் பூக்காரி கையில் கொடுத்தனுப்பினார்கள். வேலைக்குப் போகாத ஆண்கள் கிணற்றடியில் நின்று ராட்டினத்தைக் குறை சொன்னார்கள். ஒரு பெரிய காய்ச்சலுக்குப் பழகுகிற மாதிரி காலனி பழகியது. யாரும் வினோவைத் திட்டவில்லை. இயந்திரம் மேல் பழி போட்டார்கள். போயிட்டு வாரேன் என்று எழுதச் சொன்னது யாரென்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பதினொன்றும் ஒன்றும் பன்னிரண்டு பேர், என் விரல் மடக்கில் போனவர்கள்.

அருளப்பன் அண்ணாச்சிதான் பொறுக்காமல் வந்தார்.

"இடைவெளி விட்ட எடத்துல வெட்டியிருக்கான், அதான் கோளாறு. இடைவெளி இல்லாம ஒட்டி எழுது தாயி. போய்வாரேன். நான் முதல்ல போறேன்."

"அண்ணாச்சி, வேண்டாம்" என்றேன்.

"ரோடு கேட்டவன் நான். ரோட்டுல நான்தான் நடந்து பாக்கணும்."

வினோ அப்படியே எழுதினாள். கட்டத்தில் முழுசாகத்தான் தெரிந்தது. வாசலில் லூர்து அக்கா முந்தானையாகப் போட்ட துண்டை வாயில் பொத்திக்கொண்டு நிற்க, அண்ணாச்சி வளைவுக்கு அடியில் திரும்பி, "போய்வாரே" என்றார். ஓரெழுத்து குறைந்தது எல்லார் காதிலும் விழுந்தது. அவர் போனார்.

மத்தியானம் திரும்பி வந்தார். அதாவது, வந்துகொண்டிருந்தார். வளைவுக்கு வெளியே ரோட்டோரத் தண்ணீர் டேங்குக்குப் பக்கத்தில், வெள்ளை வேட்டியில், கையை வீசிக்கொண்டு, எங்களைப் பார்த்துச் சிரித்தபடி நடந்து வந்துகொண்டிருந்தார். சாயங்காலமும் டேங்குக்குப் பக்கத்தில் வந்துகொண்டிருந்தார். மறுநாள் காலையிலும். கால் ஓயவில்லை, தூரம் குறையவில்லை. வருவது இருந்தது, நான் என்று காட்டுகிற ன் போய்விட்டதால் வந்து சேர ஆள் இல்லை. லூர்து அக்கா தினமும் பூக்காரியிடம் தூக்குவாளியைக் கொடுத்தனுப்பினாள். பூக்காரி கூடவே நடந்து கொடுத்தாள், அவர் நடந்துகொண்டே சாப்பிட்டார். வாளியைக் கழுவித்தான் அனுப்பினார்.

அதற்குப் பிறகுதான் வினோ மூன்று நாள் குந்தி அந்த டூல் எப்படி எண்ணுகிறது என்று கண்டுபிடித்தாள்.

"எம்மா, நீ எண்ணினது நம்ம எண்ணிக்க. அவனுக்கு ப ஒரு கட்டம், அதுக்குப் போட்ட கொம்பும் காலும் ஒரு கட்டம். சுழி ஒரு கட்டம். மேல வைக்கிற புள்ளி ஒரு கட்டம்."

"புள்ளிக்கா? புள்ளி வச்சா எழுத்துக்குச் சத்தந்தான கொறையும், எடம் எப்படிட்டி கூடும்?"

"அவனுக்கு அதெல்லாம் தெரியாது. குட்பைல புள்ளி ஏது?"

போயிட்டு மட்டுமே எட்டுக் கட்டம். அதைத் தாண்டிய வாரேன் முழுவதும் வெளியில் கொட்டிப்போயிருந்தது.

வாரேன் என்று மட்டும் சொன்னால் ஆறு கட்டம்தானே, நாமெல்லாம் அப்படியும் சொல்வதுதானே என்று தையல்காரர் காதர் மைதீன் பாய் கேட்டார். அவருக்கு அதை எழுதினாள். அவர் வளைவுக்கடியில் நின்று கணீரென்று "வாரேன்" என்று சொல்லி வெளியே காலை வைத்தார். அந்தக் கால் உள்ளே ஊன்றியது. திரும்பவும் வெளியே போனார், உள்ளே வந்து நின்றார். பன்னிரண்டு தடவை போனார், பன்னிரண்டு தடவையும் வந்தார்.

"போனாத்தான வரலாம். போறத எழுதலியே" என்று தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். பிறகு, "சரி, பட்டன் வேணும்னா பிள்ளைங்க கிட்டச் சொல்லி விடுதேன். போனவன் கதைக்கு இது மேல்" என்று மெஷினை வாசலுக்கு இழுத்துப் போட்டுத் தைக்க ஆரம்பித்துவிட்டார்.

போனால் வருவதில்லை, வந்தால் போவதில்லை, இரண்டும் சேர்ந்தால் நடுவழி. இந்த மூன்றுக்கும் நடுவில் என் வீட்டுக்காரர் சங்கிலிப்பாண்டி கட்டுப்போட்ட காலோடு கட்டிலில் கிடந்தார். கம்பத்திலிருந்து சறுக்கி முறிந்த கால். அது முறிந்த அன்றைக்கு அழுதவள், அந்தப் பதினொரு பேர் போனபோது அதே காலுக்கு விளக்கேற்றினேன். அந்த மாவுக்கட்டை ஒரு வெள்ளிக்கிழமை கம்பவுண்டர் வந்து வெட்டி எடுத்தார். அவர் படியிறங்கியதும் இவர் எழுந்து இரண்டு எட்டு நடந்து பார்த்தார்.

"திங்கக்கெழம டூட்டிக்குப் போறேன்."

"போறேன்னு சொல்லாதீங்க!"

"பெறகு எப்படிச் சொல்ல? எனக்கு எழுதியிருக்கது வெறும் போயிட்டுதான."

"ஏங்க, வேண்டாங்க. அருளப்பன் அண்ணாச்சியப் பாத்தீங்கள்லா."

"பரமசிவம் அண்ணாச்சி ஒத்த ஆளா கம்பம் ஏறிக்கிட்டு இருக்காரு பேச்சி. ரிட்டயராக ரெண்டு மாசம். கீழ கயிறு பிடிக்க ஆள் இல்ல. நேத்து ஒரு எடத்துல லைன ஆப் பண்ணிட்டமா இல்லையான்னு மறந்து கைய வச்சிருக்காரு. தப்பிச்சது ஆண்டவன் புண்ணியம். அவரு கருகினா நான் இங்க உக்காந்து சோறு திங்கவா?"

அவர் சொன்னால் சொன்னதுதான். நான் சனிக்கிழமை முழுக்க அடுக்களைத் தரையில் சாக்பீஸால் எட்டுக் கட்டம் போட்டு, பாண்டி விளையாடக் கட்டம் போடுவோமே அது மாதிரி, புளியங்கொட்டையை ஒவ்வொன்றாக வைத்து எண்ணிக்கொண்டிருந்தேன். திரும்பி வாரேன், அடங்கவில்லை. வந்திருவேன், அடங்கவில்லை. அடங்கியதில் எல்லாம் ஒன்று போவது இல்லை, அல்லது வருவது இல்லை. இவர் காலை நீட்டி நிலைப்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் போறவன் வாயையே பாக்கீங்க" என்றார். "அனுப்புத வாய் ஒண்ணு இருக்குல்லா. நீ என்ன சொல்லுவ?"

"போயிட்டு வாங்கன்னு."

"நீளம். கொற."

"போய்வாங்க."

வைத்துப் பார்த்தோம். ப ஒன்று, கொம்பும் காலும் ஒன்று, ய ஒன்று, புள்ளி ஒன்று, வ ஒன்று, கால் ஒன்று, ங ஒன்று, புள்ளி ஒன்று. எட்டு முடிந்தது. க வெளியே நின்றது. ஒரே ஒரு புளியங்கொட்டை என் கையில் மிச்சம்.

"போய்வாங்" என்று சொல்லிப் பார்த்துவிட்டு அவர் சிரித்தார். "என்னத்த வாங்க? தக்காளியா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் கையை நீட்டிக் கடைசி மூன்றையும் அள்ளிச் சன்னலுக்கு வெளியே எறிந்தார்.

"ங்கவ எடுத்துரு. பாக்கி நிக்குதுல்லா?"

போய்வா. ஆறு கட்டம். போவதும் இருந்தது, வருவதும் இருந்தது.

"உங்களையா?" என்றேன். "உங்களப் பாத்து நான் வா போன்னா?"

"என்னத்தான். நாய்க்குக் கூடச் சொல்லுத, எனக்குச் சொன்னா என்ன?"

"அந்தப் பேச்ச இன்னும் ஒரு தடவதான் எழுதலாம். எழுதிட்டா ஆயுசுக்கும் அதாங்க. உங்க அம்மாக்கும் அதான். நாளைக்கு வினோவுக்குச் சம்பந்தம் பேச வந்தா, அந்த மனுசங்களையும் வாசல்ல நின்னு போய்வாம்பேன்."

"சம்பந்தி கோவிச்சுக்கிட்டா பாத்துக்கிடலாம். முதல்ல நான் வந்து சேரணும்."

ஞாயிற்றுக்கிழமை சங்கம் கூடியது, செயலாளர் இல்லாமல், கிணற்றடியில். அங்கே வைத்து நான் சொன்னேன். குட்பை போதும் என்றுதான் பிள்ளை சொன்னாள், போயிட்டு வாரேன் என்று எழுதச் சொன்னவள் நான், விரலை மடக்கி எண்ணியவள் நான். லூர்து அக்கா என் பக்கம் பார்க்காமல் டேங்கைப் பார்த்தாள். அங்கே வெள்ளை வேட்டி வந்துகொண்டிருந்தது.

"நானும் அதத்தான் எழுதச் சொல்லியிருப்பேன்" என்றாள். "குட்பைன்னு எழுதியிருந்தா ஒன் வாயக் கிழிச்சிருப்பேன்."

வினோ என் பெயரைத் திறந்து எழுதினாள். அவள் விரலை எடுத்துவிட்டு, சேவ் என்ற இடத்தில் என் விரலை வைத்தாள். அழுத்தியது நான்.

திங்கட்கிழமை காலை எட்டரைக்குக் காலனியில் ஒரு வாசல் கூடச் சும்மா இல்லை. அவர் காக்கிச் சட்டை போட்டு, கையுறையையும் இடுப்புக் கயிற்றையும் வண்டியில் மாட்டி, வளைவுவரை உருட்டிக்கொண்டு போனார். நான் பின்னாலேயே போனேன். அவர் சொல் பெரிதா என் சொல் பெரிதா என்று யாருக்குத் தெரியும்? அவருடையது எட்டுக் கட்டம் நிறைந்த சொல், என்னுடையது ஆறு. வினோ அருளப்பன் மாமாவுக்கு வாசலில் நின்று போயிட்டு வாங்க என்று முழுசாகச் சொல்லித்தான் இருந்தாள், எழுதாத வாய்ச் சொல் என்பதால் அது செல்லவில்லை. போய்வா என்று எழுதிய வாய் இப்போது என்னுடையது ஒன்றுதான். கிளம்புகிறவரைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது, எங்கே என்று கேட்கக் கூடாது, அவர் சொன்னபின் கடைசிச் சொல் வாசலில் நிற்கிறவளுடையதாக இருக்க வேண்டும், இதெல்லாம் எங்கள் அம்மா சொல்லித் தந்ததுதான், ஆனால் அம்மா இந்தச் சொல்லைச் சொல்லித் தரவில்லை.

அவர் வண்டியை உதைத்தார். திரும்பிப் பார்க்காமல், "போயிட்டு" என்றார்.

என் வாய் திறந்தது. இருபத்தாறு வருஷமாக ஆள் இல்லாத இடத்தில் கூட அவர் பெயரைச் சொல்லாத வாய், முப்பத்திரண்டு வீடும் கேட்க, "போய்வா!" என்று கத்தியது. மூன்றாவது வீட்டில் என் மாமியார் காதைப் பொத்தியதை நான் பார்த்தேன். வண்டி வளைவைத் தாண்டியது, டேங்குப் பக்கம் வந்துகொண்டிருந்தவரைத் தாண்டியது, திருப்பத்தில் மறைந்தது.

அன்றைக்கு நான் போன் பண்ணவில்லை. எங்க வரணும் என்று அவர் கேட்டுவிட்டால்? அடுப்பைப் பற்றவைக்கவில்லை. வளைவுக்கு உள்ளே, கல் தூணில் முதுகைச் சாய்த்து நின்றேன். கீரைக்காரி போனாள், மீன்காரர் போனார், பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்தார்கள், பூச்சி வந்து என் கால் மேல் படுத்துக்கொண்டது. மைதீன் பாயின் மெஷின் சத்தம் நின்று, தொடர்ந்து, நின்றது. நாலு மணி ஆயிற்று, ஐந்து ஆயிற்று. அவர் வருகிற நேரம் ஐந்தேகால். ஐந்தரை ஆயிற்று. பைன் மரங்களின் நிழல் வளைவுக்கு வெளியே ரோட்டில் விழுந்து நீண்டுகொண்டே போனது. நிழல் கூடத் தாண்டிப் போகிறதே என்று எனக்கு அதன் மேலும் பயமாக இருந்தது.

ஐந்து நாற்பதுக்குத் திருப்பத்தில் வண்டி தெரிந்தது. டேங்குப் பக்கம் வந்தது. அங்கேயே நின்றுவிடுமோ என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். சத்தம் மட்டும் வந்தது, பக்கத்தில், இன்னும் பக்கத்தில், நின்றது.

"என்னட்டி, வழிய மறிச்சுக்கிட்டு நிக்க? வான்னு சொன்னது நீதான?"

கண்ணைத் திறந்தால் முன்சக்கரம் வளைவுக்கு உள்ளே இருந்தது. காக்கிச் சட்டையில் கம்பத்துத் துரு ஒட்டியிருந்தது. நான் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தேன், சூடாக இருந்தது.

மறுநாள் காலையிலேயே லூர்து அக்கா வந்து எழுதிக்கொண்டாள். வளைவில் நின்று, டேங்கைப் பார்த்து, முப்பத்து நாலு வருஷம் நீங்க நாங்க என்று பேசிய மனுஷனை, "போய்வா!" என்று ஒரு கத்துக் கத்திவிட்டு, அவரை அனுப்பிவிட்டவள் மாதிரி முதுகைத் திருப்பி வீட்டுக்கு நடந்தாள். பதினொன்றே காலுக்கு அருளப்பன் அண்ணாச்சி படியேறினார். செருப்பின் அடி தேய்ந்து பாதம் தெரிந்தது. "என்ன லூர்து, மரியாதையெல்லாம் பலமா இருக்கு?" என்று கேட்டுவிட்டு அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்தார்.

இப்போது எங்கள் காலனியில் காலை எட்டு மணிக்கு வந்தால் கேட்கலாம், வாசலுக்கு வாசல் மாமனாரைப் போய்வா, தலைமையாசிரியரைப் போய்வா, போதகரைப் போய்வா. மரியாதை கெட்ட காலனி என்று ஊருக்குள் பெயர். பெண் கொடுக்க யோசிக்கிறார்களாம். போன பன்னிரண்டு பேரில் ஒன்பது பேர், அவரவர் வீட்டு வாய் போனில் கடைசியாகச் சொன்ன சொல்லுக்கு வந்து சேர்ந்தார்கள். ஒருவர் வீட்டில் பேச்சை இரண்டாம் தடவை அவசரப்பட்டு வேறெதையோ எழுதிவிட்டார்கள், இனி மாற்ற முடியாது. ஜெபக்கனி டீச்சரும் அவர் வீட்டுக்காரரும் வரவில்லை. அந்த வீட்டில் சொல்ல வாய் இல்லை. அவர்கள் பிச்சிக்கொடிக்கு நான் தண்ணீர் விடுகிறேன். வாரத்துக்கு ஒருமுறை போன் பண்ணுகிறேன். கடைசியில் போய்வா என்றுதான் என் வாயில் வருகிறது. "எங்க பேச்சி?" என்கிறார், அன்பாக. அடுத்த வீட்டுச் சொல் அவருக்கு எட்டவில்லை.

டூல் செய்தவர்கள் அதை மாற்றப் போகிறார்கள் என்று வினோ சொல்கிறாள். கட்டம் கூடுமா குறையுமா என்று அவளுக்கும் தெரியவில்லை. நான் தினமும் எண்ணிக்கொள்கிறேன். ஆறு போக இரண்டு கட்டம் காலியாக இருக்கிறது. ங்கவுக்கு மூன்று வேண்டும், அதனால் அதில் எதுவும் வைக்க முடியாது. காலையில் அவர் வண்டியை உதைத்துப் போயிட்டு என்கிறார், நான் போய்வா என்கிறேன், சொல்லி முடித்ததும் ங்கவுக்குப் பதிலாக அந்த இரண்டு கட்ட நேரத்துக்கு நான் தலை குனிந்துகொள்கிறேன். நிமிர்ந்தால் ரோட்டில் யாரும் இருப்பதில்லை.